முந்நூற்று நாற்பது

ஒரு சாண்கூட இல்லை.
உடுமலை உழவர் சந்தைக்குப் பின்னால்
தக்காளிப் பெட்டி இறக்கிய டெம்போவின் கொக்கி
இடப்பக்கப் பின்கதவில்
கிழித்துவிட்டுப் போன கோடு.
கருநீலத்தில் வெள்ளையாக,
வகிடு மாதிரி.

திருமூர்த்தி தேங்காய் லோடு விஷயமாக
ராஜ்கோட் போயிருந்தார்.
வியாழக்கிழமை வருவார்.
வண்டி வாங்கிப் பதினோரு மாதம்,
தவணை இன்னும் நாற்பத்தொன்பது.
வண்டி துடைக்கிற துணியைக்கூடத்
தனியாகத் துவைத்துக் காயப்போடுகிற மனுஷன்.

ஞாயிறு.
பற்பசை போதும் என்றான் போனில் ஒரு பையன்.
சிரித்துக்கொண்டே தேய்த்தான், கோடு காணாமல் போனது.
நானும் தேய்த்தேன்.
உச்சிவெயில், கதவு தோசைக்கல்.
ஆனி மாசத்துக் காற்று வேறு,
கணவாய்க்குள் நுழைந்து
காற்றாலைகளையெல்லாம் சுற்றிவிட்டு
நார்மில் தூசியை அள்ளிக்கொண்டு
எங்கள் வாசலுக்குத்தான் வரும்.
ஈரப் பசையில் அது ஒட்டியதும்
அதையும் சேர்த்து நான் அரைத்ததும்
அப்போது தெரியவில்லை.
கிராம்பு மணத்தது.
கோடு மங்கின மாதிரிதான் இருந்தது
ஈரம் காயும்வரை.

காய்ந்தபின்
கோடு அங்கேயே இருந்தது.
அதைச் சுற்றிச்
சப்பாத்தி அளவுக்கு ஒரு மங்கல்.

திங்கள்.
"ஏனுங்க்கா, சோடாமாவுல எலுமிச்சம்பழம் புழிஞ்சு போட்டீங்கன்னா
பளிச்சுன்னு ஆயிருமுங்க"
எதிர்வீட்டுக் கோகிலவாணி.
அவள் சொன்னது எவர்சில்வர் அண்டாவுக்கு.
எனக்குக் கேட்டது கதவுக்கு.
நுரைத்தது. சத்தம் நன்றாக இருந்தது.

செவ்வாய்
எழுதவே கூச்சமாக இருக்கிறது.
பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்.
மெதுவாகத்தான், சத்தியமாக மெதுவாகத்தான்.
ராத்திரி தேங்காயெண்ணெய் தடவினேன்.
தெருவிளக்கில் கதவு கண்ணாடியாக நின்றது.
விடிந்து பார்த்தால்
பாதி மில் அதில் ஒட்டியிருந்தது.

புதன்.
கருநீல நகப்பூச்சு தேடி
பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூன்று ஃபேன்சி ஸ்டோர்.
கடைக்காரப் பெண் என் விரல்களைப் பார்த்தாள்.
பூசியது கம்பளிப்பூச்சியாகத் தடித்து நின்றது.
அதை எடுக்க, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர்.
பஞ்சு நீலமாக வந்தது,
நகப்பூச்சின் நீலம் என்று நினைத்தேன்.
இரண்டாவது பஞ்சும் நீலம்.
மூன்றாவது பஞ்சில்தான்
கை நின்றது.

சாயங்காலம் தாராபுரம் ரோட்டில் சாதிக்கின் பட்டறை.
அவர் சிரிக்கவில்லை.
குத்தவைத்து உட்கார்ந்து
கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார்.
"நகம் மாட்டலீங்க. மேல்பூச்சோட போன கோடுங்க இது.
அன்னைக்கே வந்திருந்தா பாலிஷ், ஐநூறு ரூபா.
இப்ப மேல்பூச்சே இல்லீங்களே."
முடியைவிட மெல்லிசாம் அது.
வெயிலுக்கும் மழைக்கும்
வண்டிக்கு அது ஒன்றுதான் குடையாம்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மீட்டர்.
முன்கதவில் வைத்தார், நூற்றுப் பதினைந்து.
பானட்டில், நூற்றுப் பத்து.
இந்தக் கதவில் முந்நூற்று நாற்பது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.
முந்நூற்று நாற்பது.
"முன்னாடியே பட்டி பாத்து அடிச்சிருக்குதுங்க.
கம்பெனிப் பூச்சு இத்தனை சுளுவாக் கரையாது.
உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தை மாசம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று
மூன்று நாள் வண்டி இல்லை.
பஸ்ஸிலேயே பழனி போய் வந்தோம்.
அந்த மூன்று நாளும்
ரொம்பப் பிரியமாக இருந்தார்.
யானைப்பாதையில் என் செருப்புப் பையைக்கூட
அவரே வாங்கிச் சுமந்தார்.

வியாழன் காலை ஆட்டோவிலிருந்து இறங்கியவர்
பையைக் கீழே வைக்காமல் கதவைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
காற்று ஓயவே இல்லை.
"டீ போடட்டுங்களா" என்றேன்.
"ம்" என்றார்.
நானும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே
கோகிலவாணி கூப்பிட்டாள்:
"போச்சுங்களாக்கா?"

இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.